திரைக்கு இந்தப் பக்கம்

பணிப்பெண் திரையை இழுத்து மூடியபோது சுகந்தி ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துதான் அப்படித் திரும்பியிருந்தாள், ஆனால் வளையங்கள் கம்பியில் ஓடுகிற சத்தம் இருக்கிறதே, அதற்குக் காதை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது, சர்ரென்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான், முன்னால் இருப்பவர்கள் முன்னால், பின்னால் இருப்பவர்கள் பின்னால். ஆறு வருஷமாக அந்தச் சத்தத்தை அவள் அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்டிருக்கிறாள். அங்கே இருக்கும்போது அது வீட்டுக் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொள்கிற சத்தமாக இருந்தது, இனி யாரும் வர மாட்டார்கள், இனிப் பேசலாம். இங்கிருந்து கேட்டால் வேறு யாரோ தாழ்போட்டுக்கொள்கிறார்கள். அந்த வேறு யாரோ குலசேகரன் சாரும் அவர் மனைவி வசுமதியும்தான். மூன்று பேருமாகத் துபாயில் விமானம் மாறி மிலானுக்குப் போகிறார்கள், காலணிக் கண்காட்சிக்கு, அதாவது குலசேகரனும் சுகந்தியும் கம்பெனி வேலையாக, வசுமதி தனக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக. கம்பெனி டைரக்டர்களைத் தவிர எல்லாருக்கும் எகானமி டிக்கெட்தான் எடுக்கும். வசுமதியின் டிக்கெட் குலசேகரனின் கைக்காசு. மூன்று டிக்கெட்டையும் ஒரே வரிசையில் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், “ஜன்னல் உங்களுக்கு மேடம், நடுவுல சாரோட வொய்ஃப், ஓரத்துல சார், கால் நீட்டிக்கலாம்” என்று ஏதோ தன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி பிரித்த மாதிரி பெருமைப்பட்டுக்கொண்டான். அந்த மூன்றில் இரண்டு இப்போது காலி. சுகந்தி பறந்து பறந்து சேர்த்த தன் சொந்தப் பாயிண்ட்டை எல்லாம் கரைத்து அவர்கள் இருவரையும் பிசினஸ் கிளாசுக்கு ஏற்றிவிட்டாள். புண்ணியவதி. “உங்களுக்கு நல்ல யோகம், மூன்று இருக்கையும் உங்களுக்கே, கைப்பிடியைத் தூக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்” என்று பணிப்பெண் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். சுகந்தியும் சிரித்தாள். கைப்பிடியைத் தூக்கவில்லை. நடு இருக்கையிலும் ஓர இருக்கையிலும் மடித்துவைத்த கம்பளிகள் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தன.

அவர் எப்படிக் கேட்டார் என்பதைத்தான் மனசு திரும்பத் திரும்பத் தேடிப் போனது, பல்லில் மாட்டிய நாரை நாக்கு தேடிப் போகிற மாதிரி. சாம்பிள் ரூமில் வைத்துக் கேட்டார். கையில் பெண்கள் ஷூ ஒன்று, இடது கால் மட்டும், அதன் குதியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே, “சுகந்தி, உங்க பாயிண்ட் எவ்வளவு இருக்கு, ரெண்டு பேருக்கு வருமா?” என்றார். ரெண்டு பேர். அவளுக்குச் சந்தோஷம்கூட வந்துவிட்டது, அதை நினைத்தால்தான் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது, வசுமதியும் வருகிறாள் என்று தெரிந்திருந்தும் சந்தோஷம் வந்தது, கட்டினவளைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு நம்மோடு முன்னால் உட்காரப் போகிறாரா இந்த மனுஷன், ஐயோ அது பாவமில்லையா, வேண்டாமென்று நாம்தான் சொல்ல வேண்டும், சொல்லலாம், ஆனால் அவர் கேட்டாரே, கேட்கத் தோன்றியதே, இதையெல்லாம் யோசித்துக்கொண்டே, “வரும் சார், சரியா ரெண்டு பேருக்கு வரும்” என்றாள். “அப்ப வசுவுக்கும் எனக்கும் போட்டுடுங்களேன். அவ இதுவரைக்கும் முன்னாடி உக்காந்ததே இல்ல. கால் வேற வீங்கிக்குது அவளுக்கு.” சொல்லிவிட்டு ஷூவைத் திருப்பி, “இந்தத் தையல் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு பாருங்க” என்றார். பார்த்தாள். தள்ளித்தான் போயிருந்தது. “சரி சார்” என்றாள், அது தையலுக்குச் சொன்ன சரியா பாயிண்ட்டுக்குச் சொன்ன சரியா என்று அவளுக்கே தெரியவில்லை, ரெண்டுக்கும் சேர்த்து ஒரே சரியாகப் போய்விட்டது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை. அதுதான், அதுதான் திரும்பத் திரும்ப வந்து குத்துகிறது. கஷ்டப்பட்டுக் கேட்டிருந்தால், தயங்கியிருந்தால், ‘தப்பா நினைச்சுக்காத’ என்று ஒரு வார்த்தை முன்னால் போட்டிருந்தால், அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று ஆகியிருக்கும். பக்கத்து வீட்டில் ஏணி கேட்கிற மாதிரிக் கேட்டார். அவரைப் பொறுத்தவரை அது பாயிண்ட். மனுஷன் பொய் சொல்லவில்லை, அது பாயிண்ட்தான்.

அந்தப் பாயிண்ட் சும்மா வந்ததா என்ன. நேராகப் போகிற விமானம் இருக்கும்போதே இரண்டு இடத்தில் மாறிப் போகிறதைக் கேட்டு வாங்குவாள், சுற்றிப் போனால் பாயிண்ட் கூடுதல். “மேடத்துக்கு ஊர் சுத்திப் பார்க்க ஆசை” என்று ஏஜென்ட் கிண்டலடிப்பான். எந்த ஊரைப் பார்த்தாள், விமான நிலையத்து நாற்காலிகளைத்தான் பார்த்தாள், அடிஸ் அபாபாவில் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கி, கழுத்து பிடித்துக்கொண்டு, மறுநாள் தோல் மண்டியில் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்பி ஆட்டுத்தோல் பார்த்தாள். மற்றவர்கள் தட்டிக்கழிக்கிற ஊர்களையெல்லாம் நான் போகிறேன் என்று வலிய வாங்கிக்கொண்டாள், மேனேஜ்மென்ட்டில் ரொம்ப நல்ல பெயர். குலசேகரனுக்கு அந்தக் கவலையே கிடையாது. “அதுக்கெல்லாம் யாரு உக்காந்து நம்பர் அடிக்கிறது” என்று தன் பாயிண்ட்டைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார். வருஷத்துக்கு இரண்டு கண்காட்சி, போக ஒன்று வர ஒன்று என்று நாலு நீண்ட பயணம், அவள் பாயிண்ட்டில் இருவரும் முன்னால். சுகந்தியின் குடித்தனம் மொத்தமே அவ்வளவுதான், அதுவும் தரையில் இல்லை. முன்னால் நடு வரிசையில் இரண்டு இருக்கைகள் ஒட்டினாற்போல் இருக்கும், நடுவில் ஒரு பலகை, பொத்தானை அமுக்கினால் அது இறங்கிவிடும். இறக்குவது எப்போதும் அவர்தான். கம்பளிக்கு அடியில் அவர் கை வந்து அவள் கையை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்றால் யார் நம்புவார்கள், இறங்கின ஊரில் தனித்தனி அறை, தனித்தனிச் சாவி, ஒரே ஒரு முறை அவள் அறை வாசல்வரை வந்து நின்றார், நின்று, “காலையில ஏழு மணிக்கு லாபில” என்று சொல்லிவிட்டுப் போனார். பயமா நல்ல குணமா என்று அவள் கண்டுபிடிக்கவே இல்லை. நல்ல குணம் என்று வைத்துக்கொண்டாள், அதில் செலவு கம்மி. ஆனால் பேசுவார், ஐயோ எவ்வளவு பேசுவார், அப்பாவோடு போட்ட சண்டை, முதல் வேலையில் ராணிப்பேட்டைத் தோல் பதனிடுகிற தொட்டி நாற்றம் சட்டையை விட்டுப் போகாமல் பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காராதது, ரிட்டையரான பிறகு என்ன செய்வது என்று தெரியாத பயம், இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை என்பார். ஒரு தடவை பணிப்பெண் அவரிடம், உங்கள் மனைவிக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். அவர் திருத்தவில்லை. “அவளுக்குக் காபி” என்றார். அந்த ஒரு காபிக்காக இன்னொரு வருஷம் முழுக்க அடிஸ் அபாபா நாற்காலியில் தூங்கலாம் என்று இருந்தது சுகந்திக்கு, தூங்கவும் செய்தாள்.

ஆனால் அந்தப் பாயிண்ட்டை இஷ்டத்துக்கு யாருக்கும் கொடுத்துவிட முடியாது. கணக்கில் முன்கூட்டியே பெயரைச் சேர்த்துவைக்க வேண்டும், சேர்க்கும்போது என்ன உறவு என்று கேட்கும், கூட வேலை செய்கிறவர் என்று ஒரு உறவு அதில் கிடையாது. கணவர், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், அவ்வளவுதான் விமானக் கம்பெனிக்குத் தெரிந்த சொந்தம். முதல் தடவை குலசேகரனைச் சேர்த்தபோது அண்ணன் என்று போட்டிருக்கலாம். போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அன்றைக்கு வீட்டில் தனியாகத்தான் இருந்தாள், கதவு சாத்தித்தான் இருந்தது, இருந்தும் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு ‘கணவர்’ என்பதைத் தொட்டாள். தொட்டதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். அவரிடம் சொன்னதில்லை. போன மாதம் வசுமதியைச் சேர்க்கும்போது மறுபடியும் அதே கேள்வி வந்தது, என்ன உறவு. சொல்லுங்கள், என்ன உறவு. சிரிப்பு வந்தது அவளுக்கு, நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தாள், அப்புறம் ‘உடன்பிறந்தவர்’ என்று போட்டாள். ஆக இந்த விமானத்தின் கம்ப்யூட்டரில் சுகந்தியின் கணவரும் சுகந்தியின் அக்காவும் ஒன்றாக முன்னால் உட்கார்ந்து போகிறார்கள், சுகந்தி பின்னால் வருகிறாள். நல்ல குடும்பம். அதைச் செய்யும்போது தெரியாத பயம் இப்போது வந்தது, விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பணிப்பெண்களுக்கெல்லாம் தலைவி போல இருந்த ஒருத்தி கையில் பலகைக் கம்ப்யூட்டரோடு வந்து, அடிக்கடி பறக்கிற அட்டைக்காரர்களுக்குச் சொல்கிற மரியாதை வணக்கத்தைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் மண்டியிட்டு, “கணவரையும் சகோதரியையும் முன்னால் அனுப்பிவிட்டு நீங்கள் இங்கே இருக்கிறீர்களே, எவ்வளவு பெரிய மனசு, அவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்டபோது. சுகந்தி அவசரமாகத் தலையை ஆட்டினாள். “வேண்டாம், ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர்கள் தூங்கட்டும்” என்றாள். அந்தத் தலைவி எழுந்து போனாள், முன்பக்கம்தான் போனாள். இந்த அன்பான முகத்தை வைத்துக்கொண்டு அங்கே போய் வசுமதியிடம் என்ன சொல்வாள். எந்த வார்த்தையைச் சொல்வாள்.

சொல்லட்டும் என்றும் ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் அதை அமுக்கினாள். எனக்கு ஒன்றும் பெரிதாக வேண்டாம், அவர் ஒரு தடவை இந்தத் திரையைத் தாண்டி வந்தால் போதும். வந்து என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம். இந்த ஓர இருக்கையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால் போதும், அதைக் கேட்டுவிட்டுப் போய் மனைவி பக்கத்தில் ஊர் வந்து சேருகிறவரை படுத்துத் தூங்கட்டும், யார் வேண்டாமென்றது. சாப்பாடு வருவதற்குள் வருவார் என்று கெடு வைத்தாள். சாப்பாடு வந்தது. சரி, சாப்பிடாமல் எப்படி வருவார், அங்கே ஒவ்வொன்றாகத்தானே கொண்டுவருவார்கள், சூடான துண்டு, அப்புறம் பாதாம், அப்புறம் தக்காளிச் சாறு, அதில் மிளகுத்தூள் போடச் சொல்ல அவருக்குத் தெரியாது, அவள்தான் சொல்லுவாள், இன்றைக்கு வெறும் சாறாகக் குடிப்பார். தட்டு எடுப்பதற்குள் வருவார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பதைப் பார்த்து, நன்றாக இல்லையா என்று கேட்டார்கள், நன்றாக இருந்தது என்றாள். ஆறு வருஷமாக ஆகாயத்தில் அவள் சாப்பிட்டதெல்லாம் வசுமதியின் சமையல். எவர்சில்வர் டப்பாவில் மிளகாய்ப்பொடி தடவின இட்லி, “வசு கட்டிக் குடுத்தா, எடுத்துக்க” என்று நீட்டுவார், பிசினஸ் கிளாஸ் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு இருவரும் அதைத்தான் சாப்பிடுவார்கள். எள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், உப்பு சரியாக இருக்கும். ஒருமுறைகூடத் தொண்டையில் சிக்கியதில்லை. வெட்கமில்லாமல் விரலை நக்கியிருக்கிறாள். காட்பாடியில் ஒரு பேங்க் ஆபீசர் வரன் வந்தது, மனைவியை இழந்தவர், சாதுவான முகம், கல்யாணத்துக்கு அப்புறம் இப்படி வெளிநாடு போவதைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டார், முடியாது என்றாள், அம்மா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த மார்ச் மாதம் கண்காட்சி இருந்தது, அதனால் முடியாது என்றாள். திரை அசைந்தது. நிமிர்ந்தாள். பணிப்பெண். மறுபடி அசைந்தது, கழிவறை தேடி வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர். இன்னொரு தடவை அசைந்தபோது யாருமே வரவில்லை, சும்மா காற்று, ஏசிக் காற்று. ஜன்னல்களையெல்லாம் அடைக்கச் சொல்லிவிட்டார்கள், பட்டப்பகலில் விளக்கை அணைத்து எல்லாரையும் தூங்கவைத்தார்கள். சரி, வரவில்லை என்றால் என்ன. வரவில்லை என்றால் வரவில்லை என்று தெரிந்துபோகும், அதற்குத்தான் பயம். இவ்வளவு நாளும் தெரியாமல் இருந்தது எவ்வளவு சௌகரியமாக இருந்தது.

திரை விலகியது, வசுமதி வந்தாள். சொல்லிவிட்டார்கள், எல்லாம் தெரிந்துதான் வருகிறாள். வசுமதி இருக்கை இருக்கையாகப் பிடித்துக்கொண்டு, கப்பலில் நடக்கிற மாதிரித் தள்ளாடி வந்தாள், பட்டுப்புடவை கசங்கியிருந்தது, காலில் விமானத்தில் கொடுத்த காலுறை, முகத்தில் ஒரு மன்னிப்புச் சிரிப்பு. “தூங்கிட்டீங்களோன்னு பார்த்தேன். கொஞ்சம் உக்காரவா?” என்றாள். “உக்காருங்கக்கா” என்றாள் சுகந்தி. வசுமதி நடு இருக்கைக் கம்பளியை ஓர இருக்கையில் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்து, பெரிதாக மூச்சு விட்டாள். “அங்க ஒரே பயமா இருக்குங்க. ஆளுக்கொரு பொட்டி மாதிரி வச்சு அடைச்சுட்டாங்க. படுத்தா தலை கிறுகிறுங்குது. நடுவுல ஒரு பலகை வேற, எறக்கலாமாமே, அந்தப் பொண்ணு சொன்னா. இவரு வேணாம்னுட்டாரு. தூக்கம் வருது, விடுன்னு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு.” சுகந்தியின் உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது. இறக்கவில்லை. வசுமதிக்கு அதை இறக்கவில்லை. அது நமக்கு மட்டும்தான், அதை நமக்காக வைத்திருக்கிறார், சொல்லத் தெரியாத மனுஷன், இப்படித்தான் சொல்லுவார். இவ்வளவு நேரம் பட்ட வேதனையெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த அம்மாவின் மேல் திடீரென்று இரக்கம்கூட வந்துவிட்டது, ஜெயித்தவர்களுக்கு வருகிற இரக்கம், அதன் அசிங்கம் தெரிந்துதான் இருந்தது, இருந்தாலும் இனித்தது. “தண்ணி குடிக்கிறீங்களாக்கா?” என்று கேட்டாள். “வேணாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன்” என்றாள் வசுமதி. சுகந்தி கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “நீங்க சேர்த்து வச்ச பாயிண்டாமே இது. அவரு ஏறுறதுக்கு முந்திதான் சொன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீங்க இங்க உக்காந்து வரீங்க, நாங்க அங்க போய்... அந்தப் பொண்ணு வேற வந்து, உங்க தங்கச்சி உங்களைத் தூங்கச் சொன்னாங்கன்னு என்கிட்ட சொல்றா. தங்கச்சி இல்லம்மான்னு சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரல. ஆமான்னு தலையாட்டிட்டேன். ஒண்ணும் தப்பில்லையே?” தப்பில்லை என்று சுகந்தி சொன்னாள், அல்லது சொல்ல வாயைத் திறந்தாள். “அவரு எப்பவும் உங்களைப் பத்திதான் சொல்வாரு. நீங்க இல்லேன்னா ஆபீசுல அவருக்குக் கை ஒடிஞ்ச மாதிரின்னு. பிளேன்ல இட்லி கூட உங்களுக்கும் சேர்த்துதான் வைக்கச் சொல்வாரு.” சேர்த்துதான். அப்படியானால் டப்பாவில் இருந்தது தற்செயலாக மிஞ்சினது இல்லை, இந்த அம்மா அவளுக்கென்று எண்ணி வைத்தது. இவ்வளவு நாளும் தான் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது அழைப்பு வைத்துப் போட்ட சாப்பாடு. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுகந்தி, “இட்லி ரொம்ப நல்லா இருக்கும்க்கா” என்றாள். வசுமதி சந்தோஷமாகச் சிரித்தாள், எள்ளை வறுக்கிற பக்குவத்தைச் சொல்ல ஆரம்பித்தாள், சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் இறங்கியது, “பயத்துல மூணு நாளா தூக்கமே இல்லைங்க, இங்க உங்க பக்கத்துல நல்லா இருக்கு, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன், நான் பக்கத்துல இல்லேன்னா அவரு முழிச்சுக்குவாரு” என்றாள், அப்படியே தலை சாய்ந்து சாய்ந்து கடைசியில் சுகந்தியின் தோளில் வந்து நின்றுவிட்டது. தேங்காய் எண்ணெய் வாசம். கனமான தலை, நம்பிக்கையோடு தூங்குகிறவர்களின் தலைதான் இவ்வளவு கனக்கும். தள்ளிவிடலாமா என்று நினைத்தாள். எப்படித் தள்ளுவது, எந்த இடத்தில் கையை வைத்துத் தள்ளுவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவர் வந்தார். திரையை விலக்கியது கூட அவர் பாணியில் இல்லை, பிய்த்துக்கொண்டு வந்த மாதிரி வந்தார், தலைமுடி ஒரு பக்கம் நட்டுக்கொண்டு, சட்டை வெளியே கிடக்க, இருட்டில் ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் முகம் அவளுக்குத் தெரியாததா, விலை பேசுகிற முகம், பொய்க் கோபம் காட்டுகிற முகம், பலகையை இறக்கும்போது ஒரு ஓரத்தில் வருகிற சிரிப்பு, எல்லாம் தெரியும். இது எந்தக் கணக்கிலும் வராத முகமாக இருந்தது, பெற்ற பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்தவர்களுக்கு இருக்கிற முகம். தன்னைத்தான் தேடுகிறார் என்று ஒரு கணம், முழுசாக ஒரு கணம், சுகந்தி நம்பினாள். இங்கே என்று கையைக்கூடத் தூக்கிவிட்டாள். அவர் கண் அந்தக் கையைப் பார்த்து, கையிலிருந்து இறங்கி, தோளில் கிடக்கிற தலையில் வந்து நின்றது, நின்றதும் அவருக்கு மூச்சு வந்தது. “இங்கயா இருக்கா” என்றார், குரல் உடைந்திருந்தது. “முழிச்சுப் பார்த்தா ஆளைக் காணோம். பாத்ரூமைத் தட்டினேன், அங்க வேற யாரோ. பிரஷர் வேற இருக்கு இவளுக்கு. எங்கயாவது விழுந்து கிடக்காளோன்னு...” குனிந்து வசுமதியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “எழுப்பட்டுமா சார்?” என்றாள் சுகந்தி. “வேணாம் வேணாம், நல்லாத் தூங்குறா. கொஞ்சம் அப்படியே இருங்க, அசைஞ்சா முழிச்சுக்குவா” என்றார் அவர். சரி, போய்விடுவார், அவருக்கு அங்கே மெத்தை இருக்கிறது, போகும்போதாவது ஒரு பார்வை பார்ப்பார். அவர் போகவில்லை. ஓர இருக்கையில் இருந்த கம்பளிகளை எடுத்துவிட்டு உட்கார்ந்தார், நடுவிலிருந்த கைப்பிடியைத் தூக்கினார், குனிந்து வசுமதியின் கால் இரண்டையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, காலுறையைக் கழற்றி, வீங்கின கணுக்காலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அமுக்கின இடம் குழிந்து மெல்ல மேலே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தேய்த்துவிட ஆரம்பித்தார். “சார், நீங்க போய்ப் படுங்களேன், அங்க இடம் சும்மாதானே கிடக்கு” என்றாள் சுகந்தி, ஏன் சொன்னாள், போக மாட்டார் என்று தெரிந்துகொள்ளவா. “இல்ல, இருக்கட்டும்” என்றார், நிமிரவில்லை, “இவ இங்க இருக்கா.” தேய்த்துக்கொண்டிருந்த கை கொஞ்ச நேரத்தில் நின்றது. தூங்கிவிட்டார், வாய் லேசாகத் திறந்து, மனைவியின் பாதத்தைப் பிடித்த பிடி விடாமல். விமானத்தில் அவர் தூங்கி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. ‘உன் பக்கத்துல உக்காந்தா எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது’ என்பார், அதை அவள் எத்தனை தடவை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். முன்னால் இரண்டு மெத்தைகளும் விரித்தது விரித்தபடி யாரும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும், அவள் தூங்காத தூக்கமெல்லாம் சேர்ந்து வாங்கின மெத்தைகள். ஏஜென்ட் போட்டுக் கொடுத்தபடியே மூன்று இருக்கையிலும் மூன்று பேர், ஜன்னலில் சுகந்தி, நடுவில் வசுமதி, ஓரத்தில் அவர். பணிப்பெண் மெல்ல நடந்து வந்து பார்த்தாள், சத்தமில்லாமல் ஒரு கம்பளியை விரித்து அவர்கள் இருவர் மேலும் போர்த்தினாள், உங்களுக்கு வேண்டுமா என்று கண்ணாலேயே சுகந்தியைக் கேட்டாள். வேண்டாம் என்று சுகந்தியும் கண்ணாலேயே சொன்னாள், தலையை ஆட்ட முடியாது. பணிப்பெண் போன பிறகு அழுகை வந்தது, அடிவயிற்றிலிருந்து வந்தது, நிறுத்த வழியில்லை என்று தெரிந்தது, பல்லைக் கடித்தாள், மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டுக்கொண்டாள். தோள் குலுங்காமல் அழ வேண்டியிருந்தது.